நீட் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பது என்றால் என்ன? ஓர் எளிய விளக்கம்

நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறான்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எத்தனை டெஸ்ட் எழுதியிருக்கிறான்?" என்பது. பத்து மணி நேரம், நூறு டெஸ்ட் என்று பதில் வந்தால் எல்லோருக்கும் திருப்தி. மாலை நேரங்களில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில், இந்த இரண்டு எண்களும் ஒரு மாணவரின் தயாரிப்பைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாள் முழுவதும் படித்தும் மதிப்பெண் நகராத பிள்ளைகள், தங்களுக்குத்தான் மூளை இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இருப்பதில்லை. பயிற்சி என்ற சொல்லை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதனால்தான், பயிற்சி நம் நினைவில் எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்கும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தேர்வு என்ன கேட்கிறது?

2025ஆம் ஆண்டு முதல் நீட் வினாத்தாளில் 180 கேள்விகள் உள்ளன. அனைத்துக்கும் விடையளிக்க 180 நிமிடங்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் 4 மதிப்பெண், தவறானால் 1 மதிப்பெண் கழிக்கப்படும், விட்டுவிட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மொத்தம் 720. இதற்கு முந்தைய சில ஆண்டுகளில் 200 கேள்விகள் கொடுத்து 180க்கு மட்டும் விடையளித்தால் போதும் என்ற சலுகையும், கூடுதலாக 20 நிமிடங்களும் இருந்தன. அந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி எடுப்பவர்கள் இந்த மாற்றத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

சராசரியாக ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் கேள்வியைப் படித்து, எந்தப் பாடம் என்று அடையாளம் கண்டு, தேவையானதை நினைவிலிருந்து எடுத்து, கணக்கிட வேண்டியிருந்தால் கால்குலேட்டர் இல்லாமல் கணக்கிட்டு, விடைத்தாளில் உரிய வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். வீட்டில் பாடப்புத்தகத்தை வாசிக்கும்போது இவற்றில் ஒன்றையும் நாம் செய்வதில்லை.

கோலத்தைப் பார்ப்பதும் போடுவதும்

அம்மா தினமும் வாசலில் 15 புள்ளிச் சிக்குக் கோலம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டித்தான் பத்து ஆண்டுகளாகப் பள்ளிக்குப் போயிருக்கிறீர்கள். வேறு வீட்டு வாசலில் அதே கோலத்தைப் பார்த்தால், "இது எங்கள் வீட்டுக் கோலம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் கையில் கோலமாவைக் கொடுத்துப் போடச் சொன்னால், மூன்றாவது வளைவிலேயே இழை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நிற்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது கோலத்தைப் பார்ப்பதைப் போன்றது. மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. கண் தடையின்றி ஓடுகிறது. அந்தச் சரளத்தை நாம் அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெறும் தாளில் எழுதிப் பார்ப்பது கோலம் போடுவதைப் போன்றது. இப்படி உதவியில்லாமல் நினைவிலிருந்து வெளியே எடுக்கும் செயலை நினைவுமீட்பு என்கிறோம். மீட்பதில் இரண்டு பயன்கள் உண்டு. எது தெரியவில்லை என்பது உடனே வெளிப்பட்டுவிடுகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு செய்தியைச் சிரமப்பட்டு ஒருமுறை வெளியே எடுத்தால், அடுத்த முறை அதை எடுப்பது எளிதாகிறது.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே ஆகிய இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு சுற்று வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றுகளில் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவில் இருந்தது. எழுதியவர்களுக்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 40 சதவீதமும், எழுதியவர்களிடம் 61 சதவீதமும் எஞ்சியிருந்தன. வாசிப்பு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. படித்து முடித்த அந்த நேரத்தில் அதுதான் சிறந்த முறையாகத் தோன்றுகிறது. ஆனால் நமக்கு வேண்டியது தேர்வு நடக்கும் மே மாதத்தில் நினைவில் இருப்பது.

ஒரு நெஃப்ரானும் ஒரு வெள்ளைத் தாளும்

இதைச் செய்வது எப்படி என்று ஒரு பாடத்தை வைத்தே காட்டுகிறேன். சிறுநீர் உருவாகும் விதத்தைப் படித்து முடித்துவிட்டீர்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில், சிறுநீரகத்தில் சிறுநீரை உருவாக்கும் நுண்ணிய அலகான நெஃப்ரானை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பௌமானின் கிண்ணம், அதற்குள் கிளாமருலஸ், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம் என்று வரிசையாகப் பெயரிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் அருகிலும் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

பெரும்பாலானோர் ஹென்லே வளைவில் வந்து நிற்பார்கள். இறங்கு பகுதி நீரை வெளியே விடுமா, ஏறு பகுதி விடுமா என்று சந்தேகம் வரும். இங்கேதான் பொறுமை வேண்டும். உடனே புத்தகத்தைத் திறக்காமல், அரை நிமிடமாவது முயன்று, தவறானாலும் சரி என்று ஒரு விடையை எழுதிவிட்டு, அதன் பிறகு திறந்து பாருங்கள். இறங்கு பகுதி நீரை ஊடுருவ விடும், உப்புகளைப் பெரும்பாலும் விடாது. ஏறு பகுதி நீரை விடாது, உப்புகள் வெளியேறும். நீங்கள் மாற்றி எழுதியிருந்தால் சிவப்பு மையில் திருத்துங்கள். முயன்று தவறி, பிறகு திருத்திக்கொண்ட செய்தி, சும்மா வாசித்த செய்தியைவிட ஆழமாகப் பதிகிறது.

"விடைகளைத்தான் கொடுத்துவிடுகிறார்களே, அடையாளம் கண்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நான்கு விடைகளும் பழகிய சொற்களால்தான் அமைக்கப்படுகின்றன. நான்குமே எங்கோ படித்தவை போலத் தோன்றும். அடையாளம் காணும் அறிவை மட்டும் நம்பிப் போகிறவர் தடுமாறும் இடம் அதுதான். எனவே பயிற்சியின்போது கொடுக்கப்பட்ட விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் படித்து, விடையை மனத்துக்குள் சொல்லிவிட்டுப் பிறகு கையை எடுங்கள். "பின்வருவனவற்றுள் எது" என்று கேட்கும் கேள்விகளுக்கு இது பொருந்தாது, மற்றவற்றுக்குப் பொருந்தும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: வாசிப்பு பாடத்தை உள்ளே கொண்டுவருகிறது, அதைத் தேவையான நேரத்தில் வெளியே எடுக்கும் பழக்கத்தைத் தருவது நினைவுமீட்பு. படிக்கும் நேரத்தில் பாதியையாவது புத்தகத்தை மூடிவைத்துச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

மறதியைக் கணக்கில் சேர்ப்பது

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்று தம்மையே அளந்து, 1885இல் வெளியிட்டார். மறதி சீரான வேகத்தில் நிகழ்வதில்லை என்பது அவர் கண்டது. முதல் சில மணி நேரங்களில் மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நினைவு கரைகிறது. பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறப்பதில்லை என்றாலும், போக்கு அதே போக்குதான்.

புதிதாக நட்ட முருங்கைப் போத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் ஏழு குடம் ஊற்றினால் தண்ணீர் வழிந்தோடிவிடும். நாளுக்கு ஒரு குடமாக ஊற்றினால் வேர் பிடிக்கும். ஒரே பாடத்தை ஒரே நாளில் ஆறு மணி நேரம் படிப்பதற்கும், அதே ஆறு மணி நேரத்தைச் சில வாரங்களில் பிரித்துப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. கொஞ்சம் மறந்த பிறகு திரும்பி வந்து மீட்பதை இடைவெளிப் பயிற்சி என்கிறோம். "கொஞ்சம் மறந்த பிறகு" என்பது இதில் முக்கியம். நன்றாக நினைவிருக்கும்போதே மறுபடி படித்தால் முயற்சி தேவைப்படுவதில்லை. முயற்சி இல்லாத இடத்தில் பதிவும் குறைவு.

நடைமுறையில், இன்று படித்ததை நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து என மீட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் கல்லில் பொறித்தவை அல்ல. இடைவெளி படிப்படியாக விரிய வேண்டும் என்பதே விதி. அட்டைகளில் எழுதிப் படிப்பவர்களுக்கு, செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரவலாக்கிய பெட்டி முறை உதவும். மூன்று பழைய செருப்புப் பெட்டிகள் போதும். முதல் பெட்டியில் உள்ள அட்டைகளைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைப் பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். தெரிந்ததில் நேரம் வீணாவதையும், தெரியாதது கண்ணில் படாமல் தப்புவதையும் இந்த எளிய ஏற்பாடு தடுத்துவிடுகிறது.

பாடத்தலைப்பு இல்லாத கேள்வி

இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "பாடம் பாடமாகப் போட்டால் எல்லாம் வருகிறது சார், முழுத் தேர்வில் வரமாட்டேன் என்கிறது." காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம்.

30 டிகிரி சாய்ந்த, உராய்வற்ற ஒரு தளம். அதன் உச்சியின் உயரம் 5 மீட்டர். உச்சியில் ஓய்விலிருந்து ஒரு கட்டையை விடுகிறோம். அடிவாரத்தில் அதன் வேகம் என்ன? ஆற்றல் அழிவின்மை விதியைப் பயன்படுத்தினால் ஒரே வரி: வேகத்தின் இருமடி, இரண்டு பெருக்கல் 10 (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கல் 5 (உயரம்), அதாவது 100, எனவே வேகம் வினாடிக்கு 10 மீட்டர். சாய்வுக் கோணமே தேவைப்படவில்லை. இப்போது அதே படத்தை வைத்து, அடிவாரத்தை அடைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால்? ஆற்றல் சமன்பாட்டில் நேரம் கிடையாது. தளத்தின் நீளம் 10 மீட்டர், தளத்தின் வழியே முடுக்கம் 5 என்று கண்டு, இயக்கச் சமன்பாட்டுக்குப் போக வேண்டும்; விடை 2 வினாடி. தளத்தில் உராய்வு உண்டு என்று ஒரு சொல் சேர்ந்தால், உராய்வால் இழந்த ஆற்றலைக் கழிக்காமல் முதல் கணக்கும் வராது.

"வேலை, ஆற்றல், திறன்" என்ற தலைப்பின் கீழ் முதல் கணக்கு வந்தால், எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நாற்பது கணக்குகளை அப்படிப் போட்டாலும், வழியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி ஒருமுறைகூட நடக்கவில்லை. தேர்வறையிலோ தலைப்பு இருக்காது. பல பாடங்களின் கேள்விகளை விரவி வைத்துப் பயில்வதைக் கலப்புப் பயிற்சி என்கிறோம்.

அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணப் பயின்றார்கள். வகை வகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதமும், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதம், பின்னவர்கள் 63 சதவீதம். கலந்து பயிலும்போது மதிப்பெண் குறைவதைக் கண்டு மாணவர்களும் பெற்றோரும் பயந்துவிடுகிறார்கள். அந்தக் குறைவு பயிற்சி வேலை செய்வதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கிறது. தயவுசெய்து அந்த வாரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

புதிய பாடத்தை முதன்முதலாகப் படிக்கும்போது, சூத்திரம் கைக்குப் பழகும் வரை ஐந்தாறு கணக்குகளை அந்தத் தலைப்பிலேயே போடுவதில் தவறில்லை. அதன் பிறகு கலந்துவிட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இடைவெளி விடுவது எப்போது மீட்பது என்பதைத் தீர்மானிக்கிறது. கலப்பது எதை எதனோடு மீட்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் படிக்கும்போது சிரமம் தருபவை. அந்தச் சிரமத்திலிருந்துதான் பலன் வருகிறது.

பிழை நோட்டு

ஒரு தேர்வு எழுதி, மதிப்பெண்ணைப் பார்த்து, மகிழ்ந்தோ வருந்தியோ அடுத்த தேர்வுக்குப் போய்விடுவது நம்மிடையே மிகப் பரவலான வீண்செலவு. மூன்று மணி நேரம் எழுதிய தேர்வை அலச, குறைந்தது இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவியின் நோட்டு இன்னும் கண்முன் நிற்கிறது. நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் தவறிய கேள்வியின் சாரம், இரண்டாவதில் "ஏன் தவறினேன்", மூன்றாவதில் மறுபடி போட்டுப் பார்த்த தேதிகள். இரண்டாவது பத்தியில் மூன்று எழுத்துகளில் ஒன்றுதான் இருக்கும். பாடமே தெரியாவிட்டால் "தெ". தெரிந்தும் தவறான வழியில் போயிருந்தால் "வ". கேள்வியைத் தவறாக வாசித்தோ, கூட்டலில் பிசகியோ, வட்டத்தை மாற்றி நிரப்பியோ போனதென்றால் "க". கவனம் என்பதன் முதல் எழுத்து. ஆறு தேர்வுகளுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது, உயிரியலில் "தெ" என்று நினைத்திருந்தவற்றில் கணிசமானவை "க" என்று தெரிந்தது. "தவறான கூற்று எது" என்ற கேள்விக்குச் சரியான கூற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் பிறகு, கேள்வியில் "தவறான", "அல்லாத" போன்ற சொற்களைக் கண்டதும் அடிக்கோடு இடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்டது அதுதான். மேலும் நூறு உயிரியல் கேள்விகள் தேவைப்படவில்லை.

மூன்று வகைப் பிழைக்கும் மருந்து வேறு வேறு. "தெ" என்றால் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். "வ" என்றால் கலப்புப் பயிற்சி. "க" என்றால் பழக்க மாற்றம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும்; மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. மேலும், நம் பாடநூலில் உள்ள கலைச்சொல்லும் வினாத்தாளில் உள்ள கலைச்சொல்லும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே ஒவ்வொரு கலைச்சொல்லையும் அதன் ஆங்கிலப் பெயரோடு சேர்த்தே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். சொல் தெரியாமல் தவறிய கேள்விக்கு நோட்டில் தனியாக ஒரு குறி இடுங்கள்.

நெகட்டிவ் மார்க்கின் கணக்கு

"தெரியாத கேள்வியைத் தொடவே தொடாதே" என்று சிலரும், "எதையும் விடாதே" என்று சிலரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எதுவுமே தெரியாமல் 20 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால், சராசரியாக 5 சரியாகும், 20 மதிப்பெண் வரும், 15 போகும், மிச்சம் 5. ஆனால் இது சராசரிதான். இரண்டு மட்டும் சரியானால் 10 மதிப்பெண் நஷ்டம். மாறாக, நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்த 20 கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாகப் பாதி சரியாகும்; 40 வரும், 10 போகும், மிச்சம் 30. ஆகவே விதி எளிது: இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்க முடிந்தால் எழுதுங்கள், ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு, அந்த நேரத்தை வேறு கேள்விக்குக் கொடுங்கள். "காரணத்தோடு" என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்தவர் தேர்ந்தெடுக்கக்கூடிய தவறுகளை எதிர்பார்த்தே விடைகள் அமைக்கப்படுகின்றன. ஆகவே உள்ளுணர்வால் நீக்குவது கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதைவிட மோசமாகவும் முடியலாம்.

மாதிரித் தேர்வு எதற்கு?

மாதிரித் தேர்வு என்பது உண்மைத் தேர்வின் நேரம், கேள்வி எண்ணிக்கை, விடைத்தாள் அனைத்தையும் அப்படியே வைத்து எழுதிப் பார்ப்பது. பாடம் கற்பதற்கு இது நல்ல வழி என்று சொல்ல முடியாது. நேரத்தைப் பங்கிடவும், மூன்று மணி நேரம் அசராமல் உட்காரவும், ஓ.எம்.ஆர். தாளைப் பிழையின்றி நிரப்பவும் பழக்குவதே இதன் வேலை. பாடங்கள் பாதி முடிவதற்குள் வாரம் மூன்று மாதிரித் தேர்வு எழுதுவதில் களைப்புதான் மிஞ்சும்.

எழுதும்போது நிபந்தனைகள் உண்மையாக இருக்கட்டும். நீட் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும் தேர்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரம் அது. காலை ஆறு மணிக்கு எழுதிப் பழகியவருக்கு அந்த அசதி தேர்வறையில்தான் முதன்முதலாக அறிமுகமாகும். உயிரியலின் 90 கேள்விகளை 50 நிமிடங்களுக்குள் முடித்து, வேதியியலுக்கு 50 நிமிடங்கள் கொடுத்தால், இயற்பியலுக்கு 70 நிமிடங்களும் கடைசிச் சரிபார்ப்புக்கு 10 நிமிடங்களும் மிஞ்சும். இது ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. நான்கைந்து மாதிரித் தேர்வுகளில் உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல், பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிவருவது நல்லது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்கான விடையை அதன் வரிசையில் நிரப்பத் தொடங்கினால், அங்கிருந்து எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். பக்கம் முடிந்ததும் கேள்வி எண்ணைச் சரிபார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

கடைசி மாதிரித் தேர்வைத் தேர்வுக்கு ஐந்து நாட்களுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். மிச்ச நாட்கள் பிழை நோட்டுக்கும், முதல் பெட்டியில் இன்னும் தங்கியிருக்கும் அட்டைகளுக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிட வேண்டும். அன்று பகலில் மீட்டுப் பார்த்தவை உறுதிப்படுவது அந்தத் தூக்கத்தில்தான்.